கருப்பட்டிக்கு ஒரு கல்

மங்கலம் ரோடு, திருப்பூர்
13-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேல்விழி எழுதுவது. அப்பா, அம்மா, நான், கருப்பட்டி நான்கு பேரும் சுகம். விடுதிச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது நீ "ம்", "சரி", "சாப்பிட்டேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. அதனால்தான் கடிதம் எழுதத் தொடங்கினேன். உன் போன் இன்னும் பீரோவுக்குள் பூட்டியே இருக்கிறது. அப்பா அதைப் பிடுங்கிய அன்றைக்கு நான் அடுப்படியில்தான் இருந்தேன். "யாருடி அவன்? பேரச் சொல்லு!" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டதும், நீ வாயே திறக்காததும் எனக்குக் கேட்டது. மறுவாரமே உன்னைத் திண்டுக்கல்லில் நர்சிங் சேர்த்துவிட்டார்கள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன் என்பது இந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை.

முக்கியமான செய்தி இதுதான். பின்பக்கம் நீ ஹாலோ பிளாக் அடுக்கிக் கட்டிய கூட்டில், கருப்பட்டிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட்டைப் பரப்பியிருந்தோமே, அது தப்பாகிவிட்டது. இன்று காலையில் கருப்பட்டி ஒரே இடத்தில் நின்று, ஓட்டுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தால், பின்னங்காலில் நூல் இறுகச் சுற்றியிருக்கிறது. அம்மா பிசிறு வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தேன். கால் சிவந்திருக்கிறது. ரத்தம் வரவில்லை.

அதிலிருந்து அது சும்மா இருப்பதே இல்லை. சுவரோரமாகவே ஒரு மூலைக்குப் போகிறது, முட்டுகிறது, திரும்புகிறது, அடுத்த மூலைக்குப் போகிறது. பார்த்துக்கொண்டிருந்தால் என்னாலும் உட்கார முடியவில்லை. என்ன செய்வது என்று உடனே எழுது. உன் பதிலுக்காகத் தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் இருப்பேன்.

உன் தங்கை,
வேல்விழி

---

திண்டுக்கல்
21-7-2025

அன்புள்ள வேலுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குழம்பில் உப்பு மட்டும் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருப்பதில்லை. அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது?

பனியன் வேஸ்ட்டை முழுக்க எடுத்துவிடு. ஓர் இழைகூட இருக்கக்கூடாது, சாப்பிட்டாலும் ஆபத்து. செம்மண்ணும் மணலும் கலந்து போடு. அதில் ஒரு பாதியில் தட்டையான கல் டைல் ஒன்று பதிக்க வேண்டும். கீரையை அதன்மேல் வைத்தால் வாயில் மண் போகாது. அதில் நடந்தால் நகமும் தேயும்.

நம் ரோட்டிலேயே, பேக்கரி தாண்டி ஒரு கல் கடை இருக்கிறது. பூபாலன் என்று கேள். யாருக்கு என்று கேட்டால் ஆமைக்கு என்று சொல். வேறெதுவும் சொல்ல வேண்டாம். அம்மாவைக் கூட்டிப் போகாதே, அவளால் நடக்க முடியாது.

இங்கே கடிதங்களை வார்டன் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். ஆகவே அழகான கையெழுத்தில் எழுது.

அன்புடன்,
அபிராமி

---

மங்கலம் ரோடு
3-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி குறைந்து முதுகுவலி வந்திருக்கிறது. உனக்கு அங்கே தலைவலி வராமல் இருக்கிறதா?

கல் வந்துவிட்டது! முழுசாகச் சொல்கிறேன்.

கல் கடைக்குப் போனபோது ஓர் அண்ணன் மிஷினில் கல் அறுத்துக்கொண்டிருந்தார். முடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளைத் தூசி. எனக்கு முதலில் தாத்தா என்று தோன்றியது. "பூபாலன் யாருங்க?" என்று கேட்டேன். "நாந்தானுங்க கண்ணு. என்ன வேணும்?" என்றார். "ஆமைக்குக் கல் வேணும்" என்றேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டார். அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமைக்குங்களா" என்றார். நான் "ஆமாம்" என்றேன். நீ சொன்னபடி வேறெதுவும் சொல்லவில்லை.

உடைந்த துண்டு ஏதாவது போதும் என்றேன். கேட்கவில்லை. உள்ளே போய், பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட் டைல் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். "ஞாயித்துக்கெழம நானே வந்து பதிச்சுத் தர்றனுங்க" என்றார்.

சொன்னபடி வந்தார். அப்பா வீட்டில்தான் இருந்தார். கல் கடை அண்ணன் என்று சொன்னேன். அண்ணன் மண்ணைத் தட்டி, மணல் பரப்பி, ரசமட்டம் வைத்து வைத்துப் பார்த்தார். அப்பா பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கவனித்தார்.

"ஆமைக்கு எதுக்குத் தம்பி ரசமட்டம்? அது என்ன வீடு குடிபோகப் போகுதா?"

"இருந்துட்டுப் போவட்டுங்க. கோணலாப் பதிச்சா எனக்குத் தூக்கம் வராதுங்க."

அப்பா சிரித்தார் அக்கா. நீ போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். "நம்ம கம்பெனியில இந்த மாதிரி ஒரு ஆளு இருந்தா, தச்ச பீஸு ஒண்ணுகூடத் திரும்பி வராது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கல்லில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமைக்கு கிரானைட்டு, நமக்குப் பேந்துபோன சிமெண்டுத் தரை. நல்லா இருக்குய்யா ஒங்க நாயம்" என்றாள்.

அப்பா அவருக்கு டீ கொடுத்தார். "பெரிய பொண்ணுங்களா இது?" என்று அவர் என்னைக் காட்டிக் கேட்டார். "இது சின்னது. பெருசு திண்டுக்கல்லுல நர்சு படிக்குது" என்றார் அப்பா. "நல்லதுங்க" என்றார். டீ ஆடை கட்டும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

மற்றபடி இங்கே புதுச் செய்தி இல்லை. உன் செய்தியை எழுது.

வேல்விழி

---

திண்டுக்கல்
11-8-2025

அன்புள்ள வேலு,

சுகம்தான். இந்த வாரம் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். என் கட்டுதான் அவிழவில்லை.

கல் எப்படி இருந்தது என்று எழுதினாய். பதித்தவர் இளைத்திருந்தாரா, இருமினாரா என்று எழுதவில்லை. கல் தூசியில் வேலை செய்கிறவர்கள் மூக்கில் துணி கட்ட வேண்டும் என்று எங்கள் பாடத்தில் வருகிறது. அதனால் கேட்கிறேன். அடுத்த முறை பார்த்தால் சொல். கருப்பட்டி கல்லில் நடக்கிறதா?

அம்மாவைக் குனிந்து பெருக்க விடாதே.

அபிராமி

---

மங்கலம் ரோடு
25-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கருப்பட்டியால் அந்தக் கல்லில் நடக்க முடியவில்லை. முதலில் அது பயப்படுகிறது என்று நினைத்தேன். பள்ளி விட்டு வந்து தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முன்கால் வைக்கும், வழுக்கும். நாலு காலும் நாலு பக்கம் விரிந்து வயிறு கல்லில் தட்டும். நீந்துவது போல அங்கேயே துழாவும். மதியம் கருப்புக் கல் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. கீரை அதன் மேலேயே வதங்கிக் கிடக்கும், இது எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கல் கடைக்குப் போய்ச் சொன்னேன். அந்த அண்ணன் முகம் வாடிவிட்டது. "கடையிலயே நல்ல கல்லுன்னு பாத்துக் குடுத்தனுங்க கண்ணு. மனுசன் பாக்கறதுக்கு நல்லாருக்கும். அது நடக்குமான்னு நான் ரோசிக்கவே இல்லீங்க" என்றார். கல்லுக்கு அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். பாலிஷ் போடாமல் சொரசொரவென்று இருக்கும் என்றார். "அப்படியென்றால் திருப்பிப் போட்டுவிடலாமே" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் இருமவில்லை. இளைத்திருக்கிறாரா என்று தெரியவில்லை, கல் கேட்கப் போவதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததில்லை. மூக்கில் துணி கட்டச் சொன்னேன். "யாருங்க சொன்னாங்க?" என்று கேட்டார். பாடத்தில் வருகிறது என்றேன்.

நேற்று வந்து கல்லைப் பெயர்த்துத் திருப்பிப் போட்டார். மேலே நிழலுக்கு ஓர் ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் வைத்தார். அப்பா பக்கத்தில் என் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். செம்பருத்திப் பூ ஒன்றை அண்ணன் கல் நடுவில் வைத்துவிட்டு, "வா கருப்பட்டி, இப்ப ஏறு பாக்கலாம், வா" என்றார்.

கருப்பட்டி ஏறிவிட்டது. வழுக்கவே இல்லை. நகம் உரசும் சத்தம் கேட்டது. நான் கை தட்டினேன்.

அப்புறம்தான் அக்கா, எனக்கு உறைத்தது. நான் அவரிடம் அதன் பெயரை ஒரு நாளும் சொல்லவில்லை. ஆமை என்றுதான் சொன்னேன். கருப்பட்டி என்று கூப்பிடுவது இந்த வீட்டில் நாம் நாலு பேர்தான். நான் திரும்பினேன். அப்பா செயினைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

உனக்கு நான் எதையும் விடாமல் எழுதுவேன். அப்பாவின் முகத்தை மட்டும் எனக்கு எழுத வரவில்லை.

உடனே பதில் போடு.

வேல்விழி

---

திண்டுக்கல்
8-9-2025

அன்புள்ள வேல்விழிக்கு,

நலம். பாடம் அதிகம். கல்லைப் பற்றி இனி எழுத வேண்டாம். நன்றாகப் படி. அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அபிராமி

---

மங்கலம் ரோடு
5-10-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலம் எப்படி என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். போன கடிதத்தில் நீ இல்லை. அப்பா வார்டனுக்குப் போன் செய்து ஏதோ சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா அதன்பின் கூட்டுப் பக்கம் போவதில்லை. பூபாலன் அண்ணனும் வருவதில்லை. அப்பா கல் கடைக்குப் போகவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வேலைக்குப் போகும்போது அந்த வழியாகப் போகாமல் சந்துக்குள் சுற்றிப் போகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பள்ளி நூலகத்தில் ஊர்வன பற்றிய புத்தகத்தில் கருப்பட்டியின் படத்தைப் பார்த்தேன். அதே கருப்பு ஓடு, அதே மஞ்சள் கதிர்கள். அது நட்சத்திர ஆமை. சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, வீட்டில் வளர்க்கக்கூடாது என்று போட்டிருந்தது. பிரிசில்லா டீச்சரிடம், "சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கிறேன் மிஸ்" என்று கேட்டேன். "யார் வச்சிருந்தாலும் வனத்துறையில ஒப்படைக்கணும். தெரியாம வச்சிருந்தேன்னு இனிமே சொல்ல முடியாது பாரு, உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே" என்று சிரித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "எங்க பெறக்குனா அவ இத? கம்பெனி வாசல்ல கெடந்துச்சுன்னுல்ல சொன்னா? எவன் குடுத்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "சாக்குல போட்டு நொய்யல்ல விட்டுட்டு வந்துருவேன். தலவலி அத்தோட போகும்" என்றார். அது நிலத்து ஆமைப்பா, தண்ணியில விட்டா செத்துப்போகும் என்று அழுதேன். அம்மா கூட்டின் முன்னால் போய் நின்றுகொண்டு, "அதத் தொட்டீகன்னா நான் எங்கூரப் பாக்கப் போயிருவேன்" என்றாள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கருப்பட்டி மறுபடியும் சுவரோரம் நடக்க ஆரம்பித்துவிட்டது. நாங்களும்தான். அப்பா வாசலுக்கும் பின்பக்கத்துக்கும் நடக்கிறார், நான் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடக்கிறேன். அக்கா, அது நம் வீட்டுக்கு எப்படி வந்தது? அதை ஒப்படைத்தால் யாருக்கு என்ன ஆகும்? இரண்டையும் சொல். நான் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

வேல்விழி

---

திண்டுக்கல்
9-11-2025

என் வேலுவுக்கு,

இதை என்னோடு படிக்கும் சித்ராதேவி ஊருக்குப் போகும்போது வெளியில் போடுகிறாள். வார்டன் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் ஆனதற்கு அதுதான் காரணம். நான் சாப்பிடுகிறேன், தூங்குவதுதான் சரியாக இல்லை. மொட்டை மாடியில் நடக்கிறேன், உன் கருப்பட்டி போல.

போன தை மாதம் அவர் வெள்ளகோவிலில் ஒரு வீட்டுக்குக் கல் பதிக்கப் போகும் வழியில், ரோட்டோரம் அது கிடந்ததாம். வண்டிச் சக்கரம் ஏறி ஓட்டின் ஓரம் உடைந்து, ரத்தம் காய்ந்து இருந்தது. அவர் எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். நர்சிங் படிக்க ஆசை என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேன். "அப்ப இதுதானுங்க உங்க மொதோ பேஷண்ட்டு" என்றார். காயம் ஆறியதும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவதாகத்தான் பேச்சு. ஓட்டைத் தடவிப் பார், விளிம்பின் பல் வரிசையில் இடது ஓரத்தில் ஒரு பல் குறையும்.

காயம் பங்குனியிலேயே ஆறிவிட்டது வேலு. அதன் பிறகும் வைத்திருந்தோம். ஏன் என்று உனக்கு எழுத மாட்டேன். ஆமை எப்படி இருக்கிறது என்று கேட்க அவருக்கும், சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருந்தது, அவ்வளவுதான்.

அதை ஒப்படைத்துவிடுங்கள். நான் வைத்திருந்தேன் என்று சொல்லுங்கள். அவர் பெயர் வேண்டாம். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாமா கூடாதா என்பதை நீயே முடிவு செய். நீ ஒன்பதாம் வகுப்பு என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மாவைக் கட்டிக்கொண்டதாகச் சொல்.

அக்கா

---

மங்கலம் ரோடு
23-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். கருப்பட்டி நலமாகப் போய்ச் சேர்ந்தது.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. பாதியை வாயால் சொன்னேன். "ரோட்டில் அடிபட்டுக் கிடந்ததாம்பா. மருந்து போடத்தான் அக்கா வாங்கினாளாம்." அப்பா கூட்டுக்குப் போனார். மாதக் கணக்கில் போகாத ஆள், கருப்பட்டியைக் கையில் எடுத்து ஓரத்தைத் தடவினார். விரல் அந்தக் குறைந்த பல்லில் நின்றது. "நல்லா ஆறியிருக்கு" என்றார். அதைக் கீழே விட்டுவிட்டு, "அந்தத் தம்பியக் கூப்பிட்டுட்டு வா. எடுத்தவன் வந்தாத்தான எந்த எடம்னு சொல்ல முடியும்" என்றார். எடுத்தது யார் என்று நான் சொல்லவே இல்லை.

அப்பா அரை நாள் லீவு போட்டார். மூவரும் வனத்துறை அலுவலகத்துக்குக் கிளம்பினோம். நான் அப்பா வண்டியில் பின்னால், மடியில் கூடை. பூபாலன் அண்ணன் முன்னால் பைக்கில். ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பிக் கூடையைப் பார்ப்பார். அப்பா வேறு பக்கம் பார்ப்பார்.

வனத்துறை அலுவலகத்தில் ஒரு மேடம் கருப்பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் வச்சிருந்தது இத்தன நாளா?" என்று சத்தமாகக் கேட்டார். "நானுங்க மேடம், தப்பு எம்மேலதானுங்க" என்று அண்ணன் முன்னால் போனார். அப்பா அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "அவரு ரோட்டுல கெடந்தத எடுத்தாரும்மா, அவ்வளவுதான். வச்சிருந்தது எங்க வீடு. எம் மூத்த பொண்ணு மருந்து போட்டுக் காப்பாத்துச்சு. ஆறுன ஒடனே கொண்டாந்திருக்கணும். கொண்டாரல. அது எங்க தப்புத்தான்."

மேடம் நன்றாகத் திட்டினார். ஆறின காயத்தைப் பார்த்த பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. எழுதிக்கொண்டே, "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"தெரிஞ்ச பையன்" என்றார் அப்பா.

"பேரு?"

"பூபாலன்."

அப்பாதான் சொன்னார்.

கருப்பட்டியை அதே வெள்ளகோவில் பக்கம் முள்ளுக்காட்டில் விடுவார்களாம். வீட்டுக்கு வந்ததும், "கல்லப் பேத்து எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?" என்று அண்ணன் கேட்டார். "கெடக்கட்டும், கால் கழுவ ஆகும்" என்றார் அப்பா. "சாப்பிட்டுப் போங்க தம்பி" என்றாள் அம்மா. அவர் சாப்பிடாமல் போய்விட்டார்.

கூடு காலியாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை. உன் கடிதம் வந்தால் கொஞ்சம் சரியாகும்.

வேல்விழி

---

திண்டுக்கல்
1-12-2025

வேலு,

சுகம். வார்டன் படித்தாலும் படிக்கட்டும்.

அப்பா அந்தப் பெயரை எப்படிச் சொன்னார்? கோபமாகவா? வேண்டாவெறுப்பாகவா? மின்விசிறிச் சத்தத்தைக்கூட எழுதியிருக்கிறாய், இதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். நான் அந்த வரியையே எத்தனை முறை படிப்பது? மறு தபாலில் எழுது.

அக்கா

---

மங்கலம் ரோடு
7-12-2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இன்று காலை அப்பா பீரோவைத் திறந்து உன் போனை எடுத்து என்னிடம் கொடுத்தார். "சார்ஜ் போட்டு வையி. பொங்கலுக்கு வந்தா கேப்பா" என்றார். சார்ஜ் போட்டும் ரொம்ப நேரம் ஒன்றுமே தெரியவில்லை. இப்போதுதான் திரை வெளிச்சம் வந்திருக்கிறது. நான் எதையும் திறந்து பார்க்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். கோபமாக இல்லை அக்கா. சந்தோஷமாகவும் இல்லை. என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, எழுதுகிறவர் தப்பாக எழுதிவிடக்கூடாது என்று என் பெயரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் கூட இருந்தாய்.

அப்படித்தான் சொன்னார்.

உன் தங்கை,
வேல்விழி